யானை சறுக்கிய சனிக்கிழமை

நீங்கள் கேட்டதன் சாரம் இது: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓர் அணி சீசனுக்குப் பன்னிரண்டு ஆட்டம்தான் ஆடுகிறது. அதில் ஆபர்ன் பல்கலைக்கழக அணியின் 2013 சீசனைப் பற்றி இன்னமும் ஏன் இவ்வளவு பேச்சு? கோப்பையைக்கூட அவர்கள் வெல்லவில்லையே! அந்தக் கடைசி நொடி வீடியோவைப் பார்த்தால் வெறும் அதிர்ஷ்டம் என்றுதானே தோன்றுகிறது?

அதிர்ஷ்டம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் ஜார்ஜியா, அலபாமா ஆட்டங்களிலிருந்து எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்க்கும் இரண்டு கடைசி நேர வீடியோக்களும் அணியின் உண்மையான பலத்தை மறைத்துவிட்டன என்பது என் கட்சி. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் நாலு வரி. நூறு கெஜ நீளத் திடல், பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி; அதையொட்டி ஓர் உதைக்கு 1 புள்ளி. முன்னேற வழியில்லாமல் நின்றுவிட்டால், நிற்கும் இடத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவில் உதைத்துப் பார்க்கலாம். அது ஃபீல்டு கோல், 3 புள்ளி. பெயர்தான் கால்பந்து, காலுக்கு வேலை குறைவு. கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஆட்டம் சீக்கிரம் பிடிபடும். ஒருவன் கோட்டை எட்டப் பாய்கிறான், மற்றவர்கள் மொத்தமாக விழுந்து அமுக்குகிறார்கள்.

அடுத்து ஊர். அலபாமா மாநிலத்தில் கூடைப்பந்து, பேஸ்பால், கால்பந்து எதற்குமே முதல்நிலைத் தொழில்முறை அணி கிடையாது. இருப்பது இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் கல்லூரி அணிகள்: டஸ்கலூசா நகரில் அலபாமா, கிழக்கே ஆபர்ன். குழந்தை பிறந்ததும் எந்தக் கட்சி என்று முடிவாகிவிடும் ஊர் அது. ஒரே வீட்டில் அண்ணன் இந்தப் பக்கமும் தம்பி அந்தப் பக்கமும் இருந்துவிட்டால் நவம்பர் கடைசி வாரம் பேச்சுவார்த்தையே இருக்காது. இரண்டு அணிகளும் 1893இல் முதன்முதலாக மோதின. 1907க்குப் பிறகு ஏதோ சண்டையில் நாற்பத்தோரு வருடம் ஆடாமலே இருந்தன. 1948இல் மறுபடி தொடங்கியபோது, இரும்பு உருக்கும் நகரமான பர்மிங்காமில் ஆடினார்கள். அதனால் இந்த மோதலுக்கு அயர்ன் பவுல் என்று பெயர் வந்தது. ஆபர்னின் சொந்த மைதானத்துக்கு அது முதன்முதலாக வந்ததே 1989இல்தான். அந்த மைதானம் ஜோர்டன்-ஹேர். 2013இல் அதில் 87,451 பேர் உட்காரலாம். ஆபர்ன் ஊரின் மக்கள்தொகையோ 2010 கணக்கெடுப்பில் 53 ஆயிரத்துச் சொச்சம். ஊரையே தூக்கி உள்ளே வைத்தாலும் முப்பதாயிரத்துக்கு மேல் நாற்காலி காலியாக இருக்கும்!

இன்னொன்று. அலபாமா அணியின் சின்னம் யானை. ஆபர்ன் அணியின் பெயர் புலிகள், ஆனால் ரசிகர்கள் கத்துவது கழுகின் பெயரை. ஆட்டத்துக்கு முன்னால் நிஜக் கழுகு ஒன்றை மைதானத்துக்கு மேலே பறக்கவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்கு எதுவும் நம்பும்படியாக இல்லை.

2009, 2011, 2012 ஆகிய மூன்று வருடங்களிலும் தேசியப் பட்டம் அலபாமாவுக்கு. நடுவில் 2010இல் மட்டும் ஆபர்ன், கேம் நியூட்டன் என்ற அசுர பலம் கொண்ட குவார்ட்டர்பேக்கை (ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை வாங்கி, எறிவதா, கொடுப்பதா, ஓடுவதா என்று ஆட்டத்தை நடத்துபவர்) வைத்துக்கொண்டு பதினான்கு ஆட்டத்தையும் ஜெயித்துப் பட்டம் வாங்கியது. நியூட்டன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார், அணி சரிந்தது. எவ்வளவு வேகமாகத் தெரியுமா? இரண்டே வருடத்தில், 2012இல், பன்னிரண்டு ஆட்டத்தில் மூன்றே வெற்றி. தென்கிழக்கு மாநாடு எனப்படும் தங்கள் குழுவுக்குள் ஆடிய எட்டு ஆட்டத்திலும் தோல்வி. கடைசியாக அலபாமாவிடம் 49-0. மறுநாளே பயிற்சியாளர் ஜீன் சிசிக்கை அனுப்பிவிட்டார்கள், ஒப்பந்தப்படி 75 லட்சம் டாலர் கொடுத்து. பட்டம் வாங்கித் தந்தவருக்கே இரண்டு வருடம்தான் மரியாதை.

அவர் இடத்துக்கு வந்தவர் கஸ் மால்சான். ஒருகாலத்தில் ஆர்கன்சா மாநிலத்தில் பள்ளிக்கூட அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். 2010இல் ஆபர்னின் தாக்குதல் ஆட்டத்தை வடிவமைத்தவரும் இவர்தான். கண்ணாடி போட்ட, கணக்கு வாத்தியார் போன்ற தோற்றம். அவருடைய ஆட்டம் மட்டும் தோற்றத்துக்கு நேர்மாறு. ஒரு முயற்சி முடிந்ததும் வீரர்கள் கூடி நின்று ஆலோசனை செய்யும் வழக்கத்தையே விட்டுவிட்டு, எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததைத் தொடங்குவது.

குவார்ட்டர்பேக்காக அவருக்குக் கிடைத்தவர் நிக் மார்ஷல். ஜார்ஜியா பல்கலைக்கழக அணியில் தடுப்பு வீரராகச் சேர்ந்து, அங்கிருந்து விலக்கப்பட்டு, கான்சஸ் மாநிலத்தில் கார்டன் சிட்டி என்ற ஊரின் இரண்டு வருடக் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிவிட்டு, 2013 கோடையில் ஆபர்ன் வந்து சேர்ந்தவர். பந்து எறிவதில் சுமார்தான். ஓட்டத்தில் மின்னல்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தால் டூமர்ஸ் கார்னர் என்ற நாற்சந்தியில் கூடி, அங்கிருந்த இரண்டு பழைய ஓக் மரங்களின் மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசி வெள்ளை வெளேரென்று ஆக்கிவிடுவார்கள். 2010 அயர்ன் பவுலில் ஆபர்ன் ஜெயித்த கடுப்பில், அலபாமா ரசிகர் ஒருவர் அந்த மரங்களின் வேரில் களைக்கொல்லியைக் கொட்டிவிட்டார். அதோடு விடாமல் வானொலி நிகழ்ச்சிக்குப் போன் செய்து தானே பெருமையாகச் சொல்லவும் செய்தார். பிறகு சிறைக்குப் போனார். எவ்வளவோ மருத்துவம் பார்த்தும் மரங்கள் பிழைக்கவில்லை. 2013 ஏப்ரலில் பயிற்சி ஆட்டம் ஒன்றைச் சாக்காக வைத்துக் கடைசியாக ஒருமுறை காகிதம் வீசினார்கள். மூன்று நாள் கழித்து மரங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். மூன்று வெற்றி மட்டுமே பெற்ற அணி, புதுப் பயிற்சியாளர், மரமில்லாத நாற்சந்தி: சீசன் இப்படித்தான் தொடங்கியது.

முதல் மூன்று ஆட்டத்திலும் வெற்றி. ஆனால் யாரும் மிரளவில்லை. மூன்றாவதில், மிசிசிப்பி ஸ்டேட்டை 24-20 என்று கடைசி பத்து நொடியில்தான் முந்த முடிந்தது. நான்காவது ஆட்டம் லூசியானாவில், எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியின் ஊரில், கொட்டும் மழையில். இடைவேளையில் 21-0 என்று பின்தங்கி, 35-21 என்று தோற்றார்கள். ஆனால் பிற்பாதியை மட்டும் எண்ணினால் ஆபர்ன் 21, எல்.எஸ்.யு. 14. தோற்ற ஆட்டத்தில்தான் அணி தன்னைக் கண்டுபிடித்தது என்று பலரும் பிற்பாடு சொன்னார்கள். பொதுவாக இப்படிச் சொல்வதை நான் நம்புவதில்லை, இந்த இடத்தில் நம்புகிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு மார்ஷலை எறிபவராக்கும் முயற்சியைக் குறைத்துக்கொண்டு, ஓட்டத்தின் மேலேயே எல்லாப் பாரத்தையும் போட்டார் மால்சான்.

அந்த ஓட்டத்தைச் சற்று விளக்குகிறேன், ஏனென்றால் என் பதிலின் அச்சாணி அது.

சாதாரணமாகத் தாக்கும் அணியின் முன்வரிசை, எதிரில் நிற்கும் ஒவ்வொரு தடுப்பாளரையும் முட்டித் தள்ளப் பார்க்கும். மால்சானின் முறையில் வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு தடுப்பாளரை வேண்டுமென்றே தொடாமல் விட்டுவிடுவார்கள். பந்தைக் கையில் வாங்கும் மார்ஷல், அதைப் பக்கத்தில் ஓடிவரும் ஓட்டவீரர் ட்ரே மேசனின் வயிற்றில் வைப்பார். வைத்தபடியே விட்டுவைத்த அந்த ஆளின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார். அவன் மேசனை நோக்கிப் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு மார்ஷலே ஓடுவார். அவன் மார்ஷலுக்காக நின்றால் பந்து மேசனிடம் போய்விடும். அவன் எதைச் செய்தாலும் தப்பு. முட்டாமல் விட்டதால் மிச்சமான ஒரு முன்வரிசைக்காரர் இன்னொருவரை முட்டப் போய்விடுவதால், பத்துப் பேர் பதினொரு பேரின் வேலையைச் செய்கிறார்கள். இதை மூச்சு விடாமல் எழுபது எண்பது தடவை செய்தால், கடைசிக் கால்பகுதியில் எதிரணிக்காரர்கள் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்க்கலாம்.

இந்த வித்தைக்குப் பின்னால் இருந்தது முன்வரிசை. முக்கியமாக இடதுகோடியில் நின்ற கிரெக் ராபின்சன். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைப் பொறுக்கியெடுக்கும் 2014 தேர்வில் நாடு முழுவதிலுமே இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். அந்த சீசனில் ஆபர்ன் ஆட்டத்துக்குச் சராசரி 328 கெஜம் தரைவழியாக ஓடியது, நாட்டிலேயே முதலிடம். டென்னசி ஆட்டத்தைப் பாருங்கள்: மார்ஷல் மொத்தமே ஏழு முறைதான் பந்தை எறிந்தார். அணி ஓடியது 444 கெஜம், அதில் 214 மார்ஷலே. ஆபர்ன் 55-23 என்று ஜெயித்தது. அதே ஆட்டத்தில் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 85 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார் ஒரு தடுப்பு வீரர். பெயர் கிறிஸ் டேவிஸ். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் டெக்சஸில் ஜானி மன்செல் என்ற நட்சத்திர குவார்ட்டர்பேக்கின் அணியை 45-41 என்று வென்றது தனிக்கதை, விட்டுவிடுகிறேன். நவம்பர் 16, ஜார்ஜியாவுடன் சொந்த ஊரில் ஆட்டம்.

அப்போது நான் ஜார்ஜியா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிப் பொது அறையில் இருபது பேர், அத்தனை பேரும் ஜார்ஜியா கட்சி. நான் ஒருவன் மட்டும், சும்மா எதிர்க்கட்சியாக இருந்து பார்க்கலாமே என்று ஆபர்ன் பக்கம். கடைசிக் கால்பகுதியில் ஆபர்ன் 37-17 என்று முன்னிலை. அறையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பிறகு ஜார்ஜியாவின் ஆரன் மர்ரி அடுத்தடுத்து மூன்று டச்டவுன்கள் போட்டு 38-37 என்று முந்தினார். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஆபர்னுக்கு நான்காவது முயற்சி, இன்னும் 18 கெஜம் வேண்டும், எல்லைக்கோடு 73 கெஜம் தள்ளி. மார்ஷல் வானத்தைப் பார்த்து எறிந்தார். பந்து இறங்கிய இடத்தில் ஜார்ஜியாவின் தடுப்பு வீரர்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள். இருவரில் ஒருவர் பந்தைச் சும்மா கீழே தட்டிவிட்டிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். இருவரும் பிடிக்கப் பாய்ந்தார்கள். பந்து ஒருவர் கையில் பட்டு மேலே எழும்பி, அவர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த ஆபர்ன் வீரர் ரிக்கார்டோ லூயிஸின் தோளுக்கு மேலாக வந்து கைக்குள் விழுந்தது. அவர் அதை ஒரு தடவை தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பழம் நழுவிப் பாலில் விழுவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். 43-38. அறையில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நானும் யாரையும் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். (அந்த இரண்டு தடுப்பு வீரர்களில் ஒருவரான ட்ரே மேத்யூஸ், பின்னாளில் ஆபர்னுக்கே ஆட வந்து சேர்ந்தார். விதி சிரிக்கும் என்பார்களே, அது இதுதான்.)

இது சுத்தமான அதிர்ஷ்டம், வாதமே இல்லை. ஆனால் இருபது புள்ளி முன்னிலையைத் தொலைத்ததும் இதே அணிதான். அணியின் தடுப்பாட்டம் ஓட்டை. தாக்குதல் சம்பாதித்ததைத் தடுப்பு செலவழித்துவிடும். ஆகவே கடைசி நிமிடத்தில் கடன் வாங்க வேண்டியிருந்தது. அற்புதம் தேவைப்பட்டதே அந்த ஓட்டையால்தான்.

நவம்பர் 30. அலபாமா அதுவரை தோற்கவில்லை, தரவரிசையில் முதலிடம். ஆபர்ன் நான்காமிடம். ஜெயிப்பவர் மாநாட்டு இறுதியாட்டத்துக்கு அட்லாண்டா போகலாம். அலபாமா 21-7 என்று முந்தியது, ஆபர்ன் 21-21 ஆக்கியது. கடைசிக் கால்பகுதியில் அலபாமா தன் சொந்த எல்லையின் ஒரு கெஜக் கோட்டில் மாட்டிக்கொண்டு நின்றபோது, ஏ.ஜே. மெக்காரன் எறிந்ததை அமாரி கூப்பர் பிடித்து 99 கெஜம் கொண்டுபோய்விட்டார். 28-21. சாதாரண அணி அங்கேயே செத்திருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அன்று அலபாமாவின் முதல் உதைவீரர் மூன்று ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டிருந்தார், அதில் ஒன்றை ஆபர்ன் கையால் தடுத்தது. அதனால்தான் கடைசியில் வேறு ஓர் இளைஞரை அனுப்ப நேர்ந்தது. அடுத்து, 28-28 ஆன விதம். மேசன் மறுபடி மறுபடி ஓடினார், ஐந்து கெஜம், ஏழு கெஜம் என்று. 39 கெஜ தூரத்தில் மார்ஷல் அதே ஓட்டத்தைத் தொடங்கினார். மேசன் வயிற்றில் வைத்தார், உருவினார், இடப்பக்கம் ஓடினார். ஓரத்தில் சாமி கோட்ஸ் என்ற பிடிவீரரைக் காவல் காத்துக்கொண்டிருந்த அலபாமாக்காரர், நாள் முழுக்க இதே ஓட்டத்தில் அடிபட்டவர், மார்ஷலைப் பிடிக்க முன்னால் ஓடி வந்துவிட்டார். மார்ஷல், முயற்சி தொடங்கிய கோட்டைத் தாண்டுவதற்குச் சற்று முன்பாகப் பந்தைத் தூக்கிப் போட்டார். கோட்ஸைச் சுற்றி ஆள் இல்லை. 32 நொடி மிச்சம். இதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் சம்மட்டியால் அடித்தால் சுவர் விழும். அது அதிர்ஷ்டமா?

அன்று ஆபர்ன் தரைவழியாக ஓடியது 296 கெஜம், அலபாமாவுக்கு எதிராக! அதில் 164 மேசனுடையது.

இனி அந்த வீடியோ. அலபாமாவின் டி.ஜே. யெல்டன் 24 கெஜம் ஓடி, ஆபர்னின் 38ஆம் கெஜத்தில் பக்கக்கோட்டைத் தாண்டினார். கடிகாரம் பூஜ்யம் காட்டியது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். எழுந்து அடுப்பில் இருந்த தோசையைத் திருப்பப் போய்விட்டேன். அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் மட்டும், ஒரு நொடி பாக்கி இருக்கிறது என்று நடுவர்களிடம் வாதாடினார். வீடியோவைப் பார்த்துவிட்டு, சரிதான், ஒரு நொடி உண்டு என்று கொடுத்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் என்பதை இதைவிடப் பொருத்தமாக யாரும் செய்துகாட்ட முடியாது.

57 கெஜ உதை. உதைக்க வந்தவர் ஆடம் கிரிஃபித். மால்சான் இடையில் ஒரு டைம் அவுட் கேட்டார், உதைப்பவருக்குக் கொஞ்சம் பதற்றம் கூடட்டும் என்று. அந்த இடைவெளியில்தான், பந்து குறைவாக விழுந்தால் பிடிக்கட்டும் என்று பின்னால் நின்றவரை மாற்றிவிட்டு கிறிஸ் டேவிஸை நிறுத்தினார்கள். டென்னசியில் 85 கெஜம் ஓடிய அதே டேவிஸ்.

பலருக்குப் புரியாத விதி இங்கே இருக்கிறது. ஃபீல்டு கோல் உதை கம்பம் வரை போகாமல் குறைந்து விழுந்தால், அது செத்த பந்து இல்லை. தடுக்கும் அணி பிடித்துக்கொண்டு ஓடலாம். கம்பம் நிற்பது எல்லைக்கோட்டுக்குப் பத்து கெஜம் பின்னால். டேவிஸ் கம்பத்துக்கு ஒரு கெஜம் முன்னால் நின்று பந்தைப் பிடித்தார். அவருக்கு முன்னால் திடலில் இருந்த அலபாமாக்காரர்கள் யார்? உதைப்பவரைக் காக்க நிறுத்திய முன்வரிசை மலைகள். நூற்று முப்பது கிலோவுக்கு மேற்பட்ட உருவங்கள். நின்ற இடத்தில் நகராமல் நிற்பதற்கென்றே தேர்ந்தெடுத்தவர்கள். திறந்த வெளியில் ஓடும் ஆளைத் துரத்திப் பிடிப்பது அவர்கள் தொழிலே அல்ல. டேவிஸ் இடது பக்கக்கோட்டை ஒட்டித் திரும்பினார். ஒரு கணம் பாதம் கோட்டுக்கு வெளியே போய்விட்டதோ என்று தோன்றும். போகவில்லை. அப்புறம் வெட்டவெளி. ஜனம் 109 கெஜம் என்று சொல்லும், கல்லூரிப் பதிவேட்டில் கோட்டுக்குப் பின்னால் ஓடியதைக் கணக்கில் எடுக்காததால் 100 என்றுதான் இருக்கும். 34-28. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக் கொடுத்த நம் பாட்டிகளுக்கு அலபாமா அணியின் சின்னம் என்ன என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆபர்னின் வானொலி வர்ணனையாளர் ராட் பிராம்ப்லெட் தொண்டை கிழியக் கத்தியதை இன்றும் அந்த ஊரில் செல்பேசி மணியாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் 2019இல் சாலை விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். தொலைக்காட்சியில் வெர்ன் லண்ட்க்விஸ்ட் நேர்மாறாகச் செய்தார்: டேவிஸ் கோட்டைத் தாண்டியதும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்க விட்டார். நம் ஊர் வர்ணனையாளர்கள் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

என் தோசை கரிந்துவிட்டது. கூச்சல் கேட்டு ஓடி வந்தபோது திடலில் மனிதத் தலைகள்தான் தெரிந்தன. யார் ஜெயித்தார்கள் என்றே புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

அன்று இரவு டூமர்ஸ் கார்னரில் மரங்கள் இல்லை. பதிலாகக் கட்டியிருந்த கம்பிகளின் மேல் காகிதம் வீசினார்கள்.

டிசம்பர் 7, அட்லாண்டா, மிசூரி அணியுடன் மாநாட்டு இறுதி. எல்லாரும் மறந்துவிட்ட ஆட்டம் இது. எனக்கு இதுதான் அந்த சீசனின் உச்சம். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆபர்ன் 545 கெஜம் ஓடியது. ட்ரே மேசன் மட்டும் 46 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு 304 கெஜம், நான்கு டச்டவுன். 46 முறை என்றால், 46 முறை நூறு கிலோ ஆட்கள் மேலே விழுந்து எழுந்திருக்கிறார் என்று பொருள். 59-42. பாருங்கள், அங்கேயும் தடுப்பு 42 கொடுத்திருக்கிறது.

அன்றிரவே தரவரிசையில் இரண்டாமிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்றது. அந்தக் காலத்தில் தேசியப் பட்டத்துக்கு முதலிரண்டு இடங்களில் இருப்பவை மட்டும் ஆடும். கருத்துக் கணிப்புகளையும் கணினிக் கணக்குகளையும் கலந்து யார் அந்த இருவர் என்று முடிவு செய்வார்கள். 2004இல் இதே ஆபர்ன் ஒரு ஆட்டமும் தோற்காமல் இருந்தும் வெளியே நிறுத்தப்பட்டது. 2013இல் ஒன்று தோற்றும் உள்ளே போனது. நியாயம் என்று ஒன்று அந்த முறையில் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. 2014 சீசனிலிருந்து நான்கு அணிகள், 2024இலிருந்து பன்னிரண்டு அணிகள் என்று மாறிவிட்டது.

2014 ஜனவரி 6, கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானம். எதிரே தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட். அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டனுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. பிறந்து வளர்ந்தது அலபாமா மாநிலம், பர்மிங்காமுக்குப் பக்கத்தில். ஆபர்ன் 21-3 என்று முந்தியது, பிறகு மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தது. கடைசி ஐந்து நிமிடம் ஊஞ்சல்: 24-20 ஆபர்ன், உடனே ஒரு நூறு கெஜ ஓட்டத்தில் 27-24 ஃப்ளோரிடா ஸ்டேட், உடனே மேசன் 37 கெஜம் ஓடி 31-27 ஆபர்ன். 79 நொடி மிச்சம். வின்ஸ்டன் அணியை 80 கெஜம் நடத்திக்கொண்டு வந்தார். எல்லைக்கு அருகில் ஒரு தவறுக்காக ஆபர்ன் தடுப்பு வீரர் மேல் நடுவரின் தண்டனைக் கொடி விழுந்தது. அடுத்த எறிதல் இரண்டு கெஜத்திலிருந்து. ஆறடி ஐந்து அங்குல கெல்வின் பெஞ்சமின் எம்பிப் பிடித்தார். அவர் முன்னால் அரையடி உயரம் குறைவாக நின்று எட்ட முடியாமல் போனவரும், ஒரு நிமிடம் முன்பு கொடி வாங்கியவரும் ஒரே ஆள். கிறிஸ் டேவிஸ். 13 நொடி மிச்சம், 34-31. அயர்ன் பவுல் வீடியோவை அனுப்புகிறவர்கள் இதை அனுப்புவதில்லை.

அதிர்ஷ்டக் கணக்கை முடித்துவிடலாம். அந்த சீசனில் எட்டுப் புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்கள் ஏழு. முதல் ஆறிலும் ஆபர்ன் ஜெயித்தது, ஏழாவதான கடைசி ஆட்டத்தில் தோற்றது. நாணயத்தைச் சுண்டினால் ஆறு தடவை வரிசையாகத் தலை விழுவது அபூர்வம்தான். அடுத்த வருடம் இதே மால்சான், இதே மார்ஷல், கிட்டத்தட்ட இதே தாக்குதல்: 8 வெற்றி, 5 தோல்வி. ஆகவே உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு என் பதில்: இத்தனை ஆட்டத்தைக் கடைசி நிமிடம் வரை இழுத்துவர ஓர் அணிக்குத் தெம்பு வேண்டும். முந்தைய வருடம் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டியிருந்தாலும் திறக்க ஆள் இல்லை, அதற்குள் முப்பது புள்ளி பின்தங்கியிருப்பார்கள்.

மால்சானை 2020 டிசம்பரில் இரண்டு கோடியே பதினான்கு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அனுப்பினார்கள். 2024 கடைசியில் அவர் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் தாக்குதல் பயிற்சியாளராகச் சேர்ந்தார், ஆமாம், தன் பட்டத்தைப் பறித்த அதே கல்லூரி. ஆடிய பையன்களுக்கு அப்போது படிப்புச் செலவு தவிரச் சல்லிக்காசு கிடையாது. சொந்தப் பெயரை வைத்துச் சம்பாதிக்க 2021இல்தான் வழி திறந்தது. டேவிஸ் ஓடிய அந்தப் படத்தை அச்சடித்து விற்ற சட்டைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கும்.

முழு ஆட்டம் ஒன்றைப் பார்க்க நேரம் இருந்தால், அயர்ன் பவுலை விட்டுவிட்டு மிசூரி ஆட்டத்தைத் தேடிப் போடுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். ஆபர்ன் முன்வரிசையின் இடதுகோடியில் 73 என்று எண் போட்ட ஒரு பெரிய உருவம் நிற்கும். இரண்டு கால்பகுதிக்கு அவரை மட்டும் பாருங்கள். மேசன் எங்கே போனார் என்று மைதானத்தின் சத்தமே சொல்லிவிடும்.